பதவுரையும் பயன்பாட்டுரையும்: ஜப்பானியக் கற்போருக்கான ஆங்கில அன்றாடத்தொடர் விளக்கங்களும் வந்தவாசி வட்டாரத் தமிழ்க் கற்போரும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில அன்றாடத் தொடர்களை ஜப்பானிய மாணவர்க்கு விளக்கும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் அகராதி மரபையே தோற்றுவித்தது. அம்மரபில் உருவான அகராதியே பின்னர்த் தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களிலும் இடம்பெற்றது. ஜப்பானியர்க்கென எழுதப்பட்ட விளக்கம் தமிழ்க் கற்போர்க்கு எவ்வளவு பொருந்துகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ்வழித் தேர்வு வழிகாட்டிகளின் பொருள்கூறும் முறை தமிழ் உரைமரபை அளவுகோலாகக் கொண்டு திறனாய்வு செய்யப்படுகிறது. நெசவுத் தொழில் வழங்கும் வந்தவாசி, ஆரணி வட்டாரத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், பதவுரை, தகுதி வழக்கு, ஹார்ன்பி, ஜப்பானியம், வந்தவாசி, நெசவுச் சொல்வழக்கு.

முன்னுரை

வந்தவாசியை ஆங்கிலேயர் 'வாண்டிவாஷ்' என எழுதினர். 1760 சனவரி 22இல் அயர் கூட்டின் படை லாலியின் பிரெஞ்சுப் படையை இவ்வூரருகே வென்றது. தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கம் தளர்ந்து ஆங்கிலம் ஆட்சிமொழியாக வேரூன்றுவதற்கு வழிவகுத்த நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. அப்போர் நடந்த ஊரில் இன்று கோரைப்பாய் நெய்வோர், சிறு வேளாண்மை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் ஆங்கிலத்தை முதல் தலைமுறையாகக் கற்கின்றனர். அண்டையூராகிய ஆரணியில் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லை. எனவே ஒரு தொடர் எப்போது, யாரிடம், எந்தத் தொனியில் பேசப்படும் என்பதை அவர்கள் அச்சிட்ட விளக்கத்திலிருந்தே அறிய வேண்டியுள்ளது. அவ்விளக்கம் பிழைபட்டால் அதைத் திருத்தும் காது அருகில் இல்லை.

இதே நிலையில் ஒரு நாடே இருந்தது, அது ஜப்பான். ஆங்கிலேயரால் ஆளப்படாத அந்நாட்டில் ஆங்கிலம் நூல்வழியே கற்கப்பட்டது. கற்பித்த ஆசிரியரும் பெரும்பாலும் கற்றுக்கொண்டவரே. ஆதலால் அங்கு எழுந்த விளக்க நூல்கள், ஆங்கிலம் பேசுவோர் இயல்பாக அறிந்தும் எடுத்துச்சொல்லாத செய்திகளைச் சொல்ல வேண்டியவையாயின. தமிழாய்வு இவ்வொப்பீட்டை இதுவரை பெரிதும் ஓனோ சுசுமு (1919–2008) முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையின் வழியாகவே அணுகியுள்ளது. அக்கொள்கையை மொழியியலாளர் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. இரு மொழிகளும் ஆங்கிலத்தின் முன் ஒரே வகையான இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றன என்பதற்கோ மொழிக்குடும்ப உறவு தேவையில்லை. இலக்கண அமைப்பும் மரியாதை வழக்கும் போதும். இக்கட்டுரை அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

சொல்லுக்குச் சொல்

ஜப்பானில் ஆங்கிலத் தொடர்களை விளக்கிய தொடக்கநூல்களுள் ஒன்று நாகஹாமா மான்ஜிரோவின் உரையாடல் கையேடு (1859). கடலில் சிக்கி அமெரிக்கக் கப்பலால் மீட்கப்பட்டு, அந்நாட்டில் வளர்ந்து திரும்பிய மீனவச் சிறுவர் அவர். ஆங்கிலத் தொடரின் ஒலிப்பைக் கதகான எழுத்தில் தந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஜப்பானியப் பொருளை இட்டு, எந்த வரிசையில் திருப்பிப் படிக்க வேண்டும் என்பதற்குக் குறிகளையும் சேர்த்தார். சீன நூல்களை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகப் படித்த முறை அது. பின்னாளில் பள்ளிகளில் வேரூன்றிய 'யாக்குதோகு' எனும் மொழிபெயர்த்துப் படிக்கும் முறையும் அதே வழியில் வந்ததே.

தமிழ் ஆய்வாளர்க்கு இது புதிதன்று. இதன் பெயர் பதவுரை. செய்யுளைக் கண்ணழித்து, சொற்களைக் கொண்டுகூட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருள் தரும் முறை நம் உரைமரபின் அடித்தளம். ஆனால் நம் உரையாசிரியர்கள் பதவுரையோடு நின்றதில்லை. கருத்து, உதாரணம், வினா, விடை, விசேடம் எனப் பல உறுப்புகளை நன்னூல் உரைக்கு வகுக்கிறது. சொற்பொருள் அவற்றுள் ஒன்று மட்டுமே. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஆங்கிலப் பாடநூலின் வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ்ச்சொற்களை எழுதிக்கொள்வது பரவலான வழக்கம். அதை இழித்துரைக்கத் தேவையில்லை. அது பழைய பழக்கத்தின் தொடர்ச்சி. குறை எங்கே என்றால், பழைய உரைகாரர் அடுத்து எடுத்துவைத்த அடியை இன்றைய வழிகாட்டி நூல்கள் எடுத்துவைக்காமல் நின்றுவிடுவதில்தான்.

ஜப்பானியர்க்கென ஓர் அகராதி

1922இல் ஹரால்டு பாமர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராகத் தோக்கியோ சென்றார். அடுத்த ஆண்டு அங்கு ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1924இல் ஜப்பானின் ஒய்த்தா நகருக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சென்றவர் ஏ. எஸ். ஹார்ன்பி. மாணவர்க்கு இலக்கியத்தினும் மொழியே முதல் தேவை என்று கண்டு, அவர் பாமரின் பணியில் இணைந்தார். சொற்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றோடொன்று இணைந்து வழங்கும் இயல்பை அந்நிறுவனம் ஆராய்ந்தது. 1933இல் பாமரின் இணைச்சொல் அறிக்கை வெளியானது. ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு மூவரும் தொகுத்த 'இடியமாட்டிக் அண்ட் சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்‌ஷனரி' 1942இல் தோக்கியோவில் கைத்தகுஷா பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. போர் காரணமாக ஹார்ன்பி அதே ஆண்டில் தாயகம் அனுப்பப்பட்டார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அந்நூலைக் கற்போர் அகராதியாக மறுவெளியீடு செய்தது. இன்று 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

ஆங்கிலத் துறை மாணவர் பலர் இதை ஆங்கிலேயர்க்காக எழுதப்பட்ட பெரிய அகராதியின் சுருக்கம் எனக் கருதுவதுண்டு. உண்மையில் அது ஜப்பானிய மாணவரின் தடுமாற்றங்களைப் பார்த்து எழுதப்பட்டது. சொற்பிறப்பு அதில் இல்லை. மாறாக, ஒரு வினைச்சொல் எத்தகைய தொடரமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளாக வகுத்துக் காட்டியது. ஒரு பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா, எண்ணத்தகாததா என்பதையும் குறித்தது. ஆங்கிலேயர்க்கு இவை இரண்டும் தேவையில்லை, ஜப்பானியர்க்குத் தேவை. ஜப்பானியத்தில் பெயரின்முன் வரும் சுட்டடைகள் இல்லை. பன்மை உருபும் கட்டாயமில்லை.

தமிழிலும் நிலை ஏறத்தாழ இதுவே. அஃறிணை இயற்பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் என்பதும், வினைமுடிபால் எண் தெளிவாகும் என்பதும் தொல்காப்பியம் உரைத்த செய்தி. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என இரண்டும் நிற்கும் மொழியில் பிறந்தவர்க்கு 'இன்ஃபர்மேஷன்' என்ற சொல்லுக்குப் பன்மை ஏன் கூடாது என்பது எளிதில் விளங்காது. ஆக, ஜப்பானியர்க்கெனத் தைக்கப்பட்ட சட்டை தமிழர்க்கும் பொருந்திவிட்டது. தமிழ்நாட்டில் அவ்வகராதி பெற்ற செல்வாக்கிற்கு அச்சகத்தின் பெருமையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது.

பொருத்தம் இலக்கணத்தோடு முடிகிறது. ஹார்ன்பி விளக்கங்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். ஜப்பானியச் சொல் எதையும் எதிரில் நிறுத்தவில்லை. அந்த முடிவே அகராதியை உலகப் பொதுவாக்கியது. கற்போர் தம் மொழியிலிருந்து எந்தத் தொடரைச் சுமந்து வருகிறார், அது எங்கே குறுக்கே நிற்கும் என்று சொல்லும் வாய்ப்பையும் அதுவே இழந்தது. பின்னாளில் ஜப்பானிய மொழியில் எழுதப்படும் அன்றாடத்தொடர் விளக்கங்கள் நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். ஒரு ஜப்பானியத் தொடரை எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அதற்கு நேர் இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டு, சூழல்தோறும் வெவ்வேறு ஆங்கிலத் தொடர்களைத் தருவது அவற்றின் சிறந்த கூறு.

போய்விட்டு வருதல்

வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் 'இத்தெகிமாசு' என்பர். சொல்லுக்குச் சொல் பொருள்: போய் வருகிறேன். வீட்டிலிருப்போர் விடை 'இத்தெராஷாய்': போய் வாருங்கள். வந்தவாசி வீட்டு வாசலில் 'போய்ட்டு வரேன்', 'போய்ட்டு வா' என்று காலைதோறும் கேட்பதும் இதுவே. ஆங்கிலத்தில் இதற்கு நேர் இல்லை. 'ஐ ஆம் ஆஃப்', 'பை', 'சீ யூ லேட்டர்' என்பவை நெருங்கி வரும். ஆனால் திரும்பி வருவேன் என்னும் உறுதிமொழி அவற்றில் இல்லை, அல்லது பெயரளவில் உள்ளது. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று தமிழ் மாணவர் சொல்வதைக் கேலி செய்யும் ஆசிரியர்கள் உண்டு. இதே தொடரை உருவாக்கும் தூண்டுதல் ஜப்பானிய மாணவர்க்கும் உண்டு, காரணமும் ஒன்றே.

தமிழில் இதன் பின்னணி இலக்கணத்தால் அறியப்பட்டது. 'போகிறேன்' என வாளா கூறுதல் அமங்கலம். மங்கல வழக்கு அதை விலக்குகிறது. நன்னூல் தகுதி வழக்கின் பிரிவாக மங்கலத்தை வைத்ததன் உயிர்ப்பான சான்று இது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோயிங்' என்பதில் அமங்கலம் இல்லை என்பதைச் சொன்னால்தான், மாணவர் தயக்கமின்றி அதைப் பேசுவார். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்வதில்லை. 'கோ' என்றால் போ, 'கம்' என்றால் வா என்று சொல்லி நிறுத்துகிறது.

ஈ, தா, கொடு

இவ்வொப்பீட்டில் மிக வளமான பகுதி கொடைவினை பற்றியது. ஜப்பானியத்தில் 'கொடு' என்பதற்கு ஒரே வினை இல்லை. பிறர் எனக்கோ என்னைச் சார்ந்தவர்க்கோ தருவது 'குரெரு'. நான் பிறர்க்குக் கொடுப்பது 'அகெரு'. உயர்ந்தோர் எனக்குத் தந்தால் 'குதசாரு'. உயர்ந்தோர்க்கு நான் கொடுத்தால் 'சஷியகெரு'. 'தயவுசெய்து' என்ற பொருளில் வழங்கும் 'குதசாய்' இந்தக் 'குதசாரு'வின் வடிவமே.

தொல்காப்பியம் இந்த இரு அச்சுகளையும் அறிந்திருந்தது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை ஆகியவற்றை நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கியவை எனக் கிளவியாக்கம் வகுக்கிறது. இது திசை அச்சு. எச்சவியலோ இரத்தற் சொற்களாக ஈ, தா, கொடு மூன்றையும் எடுத்து, இழிந்தோன் கூற்று, ஒப்போன் கூற்று, உயர்ந்தோன் கூற்று என முறையே பிரிக்கிறது. இது மதிப்பு அச்சு. 'கொடு' படர்க்கைக்குரியதாயின் தனக்கு வேண்டி ஒருவன் 'கொடு' என்பது எப்படிப் பொருந்தும்? உயர்ந்தோன் தன்னைப் பிறன்போல வைத்துக் கூறும் குறிப்பு அது என்று தொல்காப்பியமே விடை தருகிறது. இரு விதிகள் மோதும் இடத்தைக் கண்டு, மோதலையே உயர்வுணர்ச்சியின் சான்றாக மாற்றும் இந்த விளக்கம், பயன்பாட்டியல் என்ற துறைப்பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அத்துறையின் வேலையைச் செய்துள்ளது. எனினும் ஒப்புமை முழுமையானதன்று. தமிழ்ப் பிரிவு கேட்பவன் நிலையை மட்டுமே நோக்குகிறது. ஜப்பானியப் பிரிவு கொடுப்போர், பெறுவோர் என இருவரையும் நோக்குகிறது.

இன்றைய தமிழில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. வந்தவாசிப் பேச்சில் 'குடு' என்பதே பெருவழக்கு. மரியாதை முழுவதும் 'ங்க' எனும் ஈற்றில் தங்கியுள்ளது: 'குடுங்க'. ஆங்கில வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. ஆங்கிலத்தில் மரியாதை தொடரில் தங்குகிறது: 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்', 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்'. இவை அணியுரைகள் அல்ல. தமிழில் 'ங்க' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் செய்யும் உறுப்புகள். வழிகாட்டி நூலில் 'குட்' என்பதற்கு 'முடிந்தது' என்று பொருள் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்த மாணவர்க்கு 'குட் யூ ஹெல்ப் மீ' என்பது கடந்தகாலத் திறமை பற்றிய வினாவாகத் தோன்றும். ஆகவே அவர் அதைப் பயன்படுத்தமாட்டார். 'கிவ் மீ லீவ் சார்' என்பார். அவர் மனத்தில் 'சார்' என்பது 'ங்க'வின் இடத்தில் நிற்கிறது. முழு மரியாதையோடு பேசியதாக அவர் நம்புகிறார். ஆங்கிலம் அறிந்த அயலார் காதில் அது கட்டளையாக விழுகிறது. ஜப்பானிய மாணவரின் பிழை இதன் மறுபக்கம். 'குதசாய்' என்ற எண்ணத்தில் ஒவ்வோர் ஏவலோடும் 'ப்ளீஸ்' சேர்ப்பார். 'ப்ளீஸ் சிட் டவுன்' என்பது ஆங்கிலத்தில் இன்னும் ஏவலே என்று அவர்க்குத் தெரிவதில்லை. ஜப்பானியர்க்கான நல்ல விளக்கங்கள் இதைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டன. தமிழில் 'சார்' பற்றிய இணையான எச்சரிக்கையை வழிகாட்டிகள் தருவதில்லை.

ஆம் என்றால் ஆமா?

வந்தவாசி வட்டார இளைஞர்க்கு இது ஏட்டளவுச் செய்தியன்று. ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்கள் இயங்குகின்றன. அத்தகைய தொழிற்சாலையில் ஜப்பானிய மேற்பார்வையாளரும் தமிழ்த் தொழிலாளரும் பேசிக்கொள்ளும் மொழி ஆங்கிலம். இருவருமே கற்போர். இருவர்க்கும் நடுவே நிற்பது ஆங்கிலேயர் எவரும் இல்லாத ஆங்கிலம்.

எதிர்மறை வினாவை எடுத்துக்கொள்ளலாம். 'டிட் யூ நாட் செக் இட்?' என்ற வினாவிற்குச் சரிபார்க்காதவர் ஆங்கிலத்தில் 'நோ' என்றே சொல்ல வேண்டும். ஜப்பானியத்தில் 'ஹை', அதாவது 'நீங்கள் சொல்வது சரி, பார்க்கவில்லை' என்பதே இயல்பான விடை. தமிழில் 'பாக்கலையா?' என்றால் 'ஆமா, பாக்கல' என்றும் சொல்லலாம், 'இல்ல, பாக்கல' என்றும் சொல்லலாம். வினைமுற்று பின்தொடர்வதால் குழப்பம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் விடை ஒற்றைச்சொல்லாகச் சுருங்கும்போதுதான் இடர். தமிழர் 'யெஸ்' என்றால் பார்த்தாரா, பார்க்கவில்லையா? கேட்ட ஜப்பானியர் தம் மொழி வழக்கப்படி 'பார்க்கவில்லை' என்று கொள்வார். ஆங்கில வழக்கை நன்கு கற்றவராயின் 'பார்த்துவிட்டார்' என்று கொள்வார். அதாவது, கேட்பவர் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறப்பெறப் பொருள் தலைகீழாகிறது. 'ஹை' என்பது உடன்பாடின்றி, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் பொருள்படும் இடங்களும் ஜப்பானியத்தில் மிகுதி. நம் 'ம்' கொட்டுதல் போன்றது. தமிழரின் தலையசைப்பையும் இதோடு சேர்த்தால் சிக்கல் இன்னும் வளரும்.

செப்பும் வினாவும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்று விதித்த இலக்கண மரபுக்கு இது அயலான சிக்கலன்று. 'யெஸ்', 'நோ' இரண்டிற்கும் 'ஆம்', 'இல்லை' என்று பொருள் எழுதி முடிப்பதே வழிகாட்டிகளின் நடைமுறை. ஆங்கில 'யெஸ்' வினாவை நோக்குவதில்லை, நிகழ்ச்சியை நோக்குகிறது என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லை.

இரவல் சொற்களின் திரிபையும் இங்கே ஒட்டிச் சொல்லலாம். ஜப்பானியத்தில் 'குரேமு' என்பது 'கிளெய்ம்' என்ற ஆங்கிலச் சொல்லே. ஆனால் பொருள் 'புகார்'. தமிழ்நாட்டில் 'கிளெய்ம்' என்றவுடன் நினைவுக்கு வருவது காப்பீட்டுத் தொகை. 'மான்ஷன்' ஜப்பானில் அடுக்குமாடிக் குடியிருப்பு, திருவல்லிக்கேணியில் தனியாள் தங்கும் விடுதி, ஆங்கிலத்திலோ மாளிகை. ஆட்டத்தில் தவறியவரைத் தேற்ற ஜப்பானியர் 'தோன்மை' என்பர். 'டோன்ட் மைண்ட்' என்பதன் மரூஉ. ஆங்கிலத்தில் அவ்விடத்தில் 'நெவர் மைண்ட்' வரும். நம்மவர் 'ஃபீல் பண்ணாதே' என்பர். அதுவும் ஆங்கிலத்தில் அவ்வாறு நிற்காது.

நூலும் கயிறும்

மரபுத்தொடர்களுக்கு வரும்போது தேர்வு வழிகாட்டிகளின் குறை வேறு வடிவம் கொள்கிறது. ஆங்கிலத் தொடருக்கு எதிரே ஒரு தமிழ்ப் பழமொழியை வைத்துவிட்டால் விளக்கம் முடிந்தது என்ற எண்ணம் அவற்றில் மேலோங்கியுள்ளது. நெசவு சார்ந்த தொடர்களைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். பாவு எது, ஊடை எது என்று பாடநூலின்றியே அறிந்த மாணவர்க்கு அவை அயலாக இருக்கத் தேவையில்லை.

'ஸ்பின் எ யார்ன்' என்பதற்கு 'நூல் நூற்றல்' என்று பதவுரை கூறினால் பயனில்லை. தமிழில் இதற்கு வியக்கத்தக்க நெருக்கமுடைய தொடர் 'கயிறு திரித்தல்'. இரண்டிலும் இழையை முறுக்கும் செயலே இல்லாததைச் சொல்வதற்கு உவமை. ஆனால் தொனி வேறு. ஆங்கிலத் தொடர் நீண்ட சுவையான கதையையும் குறிக்கும்; சொல்பவர்மேல் சினம் இல்லாமலும் வரும். 'கயிறு திரிக்கிறான்' என்பது குற்றச்சாட்டு. தாத்தா கப்பற்கதை சொன்னார் என்ற பாராட்டில் அதை இட முடியாது.

'டைட் இன் த வுல்' என்பது நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றுவதிலிருந்து வந்தது. கொள்கையில் மாறாதவரைக் குறிக்கும். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகே தறிக்குச் செல்லும். ஆதலால் துணியில் பூசிய நிறத்திற்கும் நூலில் ஏறிய நிறத்திற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வூர் மாணவர்க்கு விளக்கவே வேண்டியதில்லை. தமிழில் 'ஊறிப்போன கட்சிக்காரர்' என்கிறோம். நனைதல் என்ற படிமம் அதில் உள்ளது. ஜப்பானியர் 'நெக்காரா நோ' என்பர், 'வேரிலிருந்தே' என்று பொருள். ஆகையால் இத்தொடரை விளக்க ஜப்பானியரைவிட ஆரணி ஆசிரியர்க்கு வசதி மிகுதி. அந்த வசதியை எந்தக் கையேடும் பயன்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது.

'கட் ஃப்ரம் த சேம் க்ளாத்' என்பதற்கு 'ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்' என்று எழுதிவிடுவது எளிது, ஆபத்தும் அதில்தான். ஆங்கிலத்தில் அது பழிப்பாகவும் வரலாம், பாராட்டாகவும் வரலாம். தன் பாட்டியும் தாயும் ஒரே துணியில் வெட்டியவர்கள் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் பெருமையோடு சொல்வாள். தமிழ்ப் பழமொழியில் அந்தப் பெருமைக்கு இடமே இல்லை. ஜப்பானியரின் 'ஒரே வளையில் வாழும் முஜினா' என்பதும் பழிப்புரையே. முஜினா என்பது வளைதோண்டி வாழும் ஒரு விலங்கு. இரு மொழி மாணவரும் ஒரே குழியில் விழ வாய்ப்புண்டு.

'பல் ஸ்டிரிங்ஸ்' இன்னும் நுட்பமானது. ஜப்பானியத்தில் 'இத்தோ ஓ ஹிகு', நூலை இழுத்தல், என்பது மறைந்திருந்து ஆட்டுவிப்பதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'பல் த ஸ்டிரிங்ஸ்' என்று சுட்டடையோடு வந்தால் அப்பொருள். சுட்டடை இல்லாமல் 'பல் ஸ்டிரிங்ஸ்' என்றால் தெரிந்தவரைப் பிடித்துக் காரியம் முடிப்பது, நம் சிபாரிசு பிடித்தல். சூழ்ச்சிக்கும் சிபாரிசுக்கும் நடுவே நிற்பது 'த' என்ற ஒற்றை அசை. சுட்டடையே இல்லாத மொழியினர் இருவர்க்கும் அது கண்ணில் படாது. ஹார்ன்பியின் வாய்பாடுகள் இத்தகைய இடத்தில் உதவா. பழமொழி வைக்கும் முறையும் உதவாது.

'நூலிழையில்' என்பதும் அப்படியே. 'ஹேங்கிங் பை எ திரெட்' என்பது இன்னும் முடியாத ஆபத்து. 'நூலிழையில் தப்பினான்' என்பது முடிந்துவிட்ட ஆபத்து. படிமம் ஒன்று, காலம் வேறு. மருத்துவமனையில் கிடப்பவரைப் பற்றிய ஆங்கில வரியை 'நூலிழையில் உயிர் தப்பினார்' என்று தமிழாக்கினால், பிழைக்காதவர் பிழைத்துவிடுவார்.

விளக்கம் யாருக்காக

எதிர்த்திசையில் நம்மிடம் நீண்ட மரபு உண்டு. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. 1812இல் எல்லிஸின் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1842இல் வெளியிட்டார். இவை பேச்சு வழக்கை மதித்தன. காரணம், கற்பவர் மறுநாளே அம்மொழியில் ஊராரிடம் பேசியாக வேண்டும். ஊழியத்திற்கோ ஆட்சிக்கோ மொழி வேண்டியவர்க்குப் பதவுரை போதவில்லை. தேர்வுக்கு மட்டும் வேண்டியவர்க்கு அதுவே போதும் என்று இன்றைய வழிகாட்டி கருதுகிறது. 'இட் ஈஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடர் ஆங்கிலேயர் வாயில் அரிதாகி நெடுநாளாயிற்று. வழிகாட்டிகளில் மட்டும் அது இன்னும் பொழிகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்குக் 'கனமழை' என்ற விடை போதும். 'கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது' என்று தமிழில் சொல்லும் உயிர்ப்பு வினாத்தாளுக்குத் தேவையில்லை.

கருவிகள் இல்லாமல் இல்லை. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் கலைச்சொல்லாக்கத்திற்குப் பெருந்துணை. ஆயின் அது சொல்லை மையமாகக் கொண்டது. 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழ்ச்சொல்லின் வழக்கைச் சான்றுத்தொடரோடு காட்டும் முறையை நிலைநாட்டியது. மொழி அறக்கட்டளையின் தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி (1997) தமிழ்த் தொடர்களுக்கு அவ்வாறே செய்தது. இவ்விரண்டும் தமிழிலிருந்து ஆங்கிலம் நோக்கிச் செல்பவை. 'போய்ட்டு வரேன்', 'கொஞ்சம் பாத்துக்குங்க', 'சாப்பிட்டாச்சா' போன்றவற்றைத் தலைச்சொல்லாக வைத்து, யார் யாரிடம் பேசுகையில் ஆங்கிலத்தில் என்ன வரும் என்று கூறும் நூலுக்கு அவற்றிலிருந்தே சான்று திரட்ட இயலும். 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்பதற்கு ஜப்பானியத்தில் 'யொரொஷிக்கு ஒனெகாய்ஷிமாசு' மிக அருகில் நிற்கிறது. அத்தொடரை ஜப்பானியர் ஆங்கிலப்படுத்தப் படும் பாடும், அதற்கென அவர்கள் சூழல்தோறும் பிரித்துத் தரும் தீர்வுகளும் தமிழ்த் தொகுப்பாளர்க்கு ஆயத்த மாதிரிகள்.

அவ்வாறு எழுதப்படும் பதிவு எப்படி இருக்கும் என்பதற்குப் 'போய்ட்டு வரேன்' என்ற தொடரையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டாரிடம் காலையில் சொல்வதாயின் 'ஐ ஆம் ஆஃப்' அல்லது 'பை'. திரும்பும் நேரம் முதன்மையாயின் 'ஐ வில் பி பேக் பை சிக்ஸ்'. விருந்தினராகச் சென்ற வீட்டிலிருந்து விடைபெறுவதாயின் 'ஐ ஷுட் பி கோயிங்', அதனோடு நன்றிச்சொல்; ஏனெனில் தமிழில் வாய்விட்டுச் சொல்லப்படாத நன்றி ஆங்கிலத்தில் சொல்லப்பட வேண்டும். அலுவலகத்தில் மேலதிகாரியிடமாயின் 'சீ யூ டுமாரோ'. 'ஐ ஆம் கோயிங்' என்பதில் அமங்கலம் இல்லை. ஆனால் அது மட்டும் தனித்து நின்றால், கோபித்துக்கொண்டு கிளம்புவதாகவும் கேட்கக்கூடும். இறப்பு வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் வெளியேறும் தமிழ் வழக்கிற்கு ஆங்கிலத்தில் இணை இல்லை. அங்கு வந்திருக்கும் ஆங்கிலேயர் இயல்பாக விடைபெற்றே செல்வார்.